இரும்பு மாத்திரையோடு வைட்டமின் சி போட்டும் இரத்தம் ஏறவில்லையே, ஏன்?

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய கேள்விகள் பலருக்கும் உள்ளவை என்பதால் இங்கே பதில் எழுதுகிறேன்.

வயது 39. பனியன் கம்பெனியில் தையல் வேலை. படியேறினால் மூச்சு வாங்குகிறது, மாலையானால் தலை கிறுகிறுக்கிறது என்று பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 8.4 கிராம். மருத்துவர் 100 மி.கி. இரும்பு உள்ள மாத்திரையைத் தினம் ஒன்று போடச் சொன்னார். ஏழு ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரையும் உண்டு. மறந்துவிடக் கூடாது என்று இரண்டையும் விடியற்காலை ஐந்து மணிக்குச் சேர்த்தே விழுங்கிவந்தார். வயிறு எரிந்ததால் சில வாரங்களாக இரும்பு மாத்திரையை மட்டும் பத்தரை மணி டீயோடும் பன்னோடும் போடுகிறார். மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்து நடுவில் இரண்டு வாரம் நிறுத்தியிருந்தார். விட்டுப்போன நாள்களுக்கு ஈடாகச் சில நாள் இரும்பு மாத்திரை இரண்டாகவும் போட்டிருக்கிறார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 9.1.

"வைட்டமின் சி இல்லாமல் இரும்பு போட்டால் அத்தனையும் வீண்" என்று உடன் வேலை செய்யும் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு, சப்பிச் சாப்பிடும் 500 மி.கி. ஆரஞ்சு மாத்திரையை வாங்கி, ஒரு மாதமாகத் தினம் மூன்று போடுகிறார். ஐந்து ஆண்டுக்கு முன் சிறுநீரகக் கல் வந்து போயிருக்கிறது. 14 வயது மகளுக்கும், ஹீமோகுளோபின் 11 என்று வந்திருக்கும் 45 வயதுக் கணவருக்கும் இதையே கொடுக்கலாமா என்று கேட்கிறார். கையெழுத்துப் போட்ட பிறகு கீழே ஒரு வரி: "மாதவிடாய் எட்டு நாள் போகிறது, கட்டி கட்டியாகப் போகும், அது எனக்கு எப்போதும் உள்ளதுதான்."

அன்புள்ள சகோதரி, கேட்டதைச் செய்து பார்த்து, தேதி போட்டு, அளவு குறித்து எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் எங்கே தடை விழுகிறது என்று என்னால் பார்க்க முடிகிறது. ஒழுங்காக உடலில் சேரும் இரும்பு, முதல் மாதத்திலேயே ஹீமோகுளோபினை ஒன்று முதல் இரண்டு கிராம் வரை ஏற்றிவிட வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதத்தில் 0.7 கிராம்தான் ஏறியிருக்கிறது. வைட்டமின் சி குறைந்ததால் வந்த நிலை இது என்று நான் நினைக்கவில்லை.

வைட்டமின் சி செய்யும் வேலை

உங்கள் தோழி சொன்னது முழுப் பொய்யல்ல. கீரை, பயறு, தானியத்தில் இருக்கும் இரும்பு பெரும்பாலும் குடல் எளிதில் ஏற்காத வடிவில் இருக்கிறது. வைட்டமின் சி அதைக் குடல் ஏற்கும் வடிவுக்கு மாற்றுகிறது. தானியங்களில் உள்ள பைட்டேட் என்ற பொருளும் டீயில் உள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பைப் பிடித்துக்கொள்ளாமல் ஓரளவு காக்கிறது. ஆகவே உணவில் உள்ள இரும்புக்கு அது நல்ல துணை.

மாத்திரையின் கதை வேறு. மாத்திரையில் இருக்கும் இரும்பு பெரும்பாலும் ஏற்கெனவே குடல் ஏற்கும் வடிவில்தான் வருகிறது. அளவும் மிக அதிகம். நீங்கள் அட்டையைப் பார்த்து எழுதியிருக்கும் மருந்தின் பெயரை இன்னொரு முறை படியுங்கள்: ஃபெரஸ் அஸ்கார்பேட். அஸ்கார்பிக் அமிலம் என்பது வைட்டமின் சி-யின் வேதிப்பெயர். நீங்கள் தனியாகக் காசு கொடுத்துத் தேடிய துணை அந்த மாத்திரைக்குள்ளேயே இருக்கிறது.

ஷாங்காயில் இதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். இரும்புக் குறைவால் இரத்தசோகை வந்த 440 பேரில் ஒரு பாதிக்கு இரும்பு மாத்திரை மட்டும். மறுபாதிக்கு ஒவ்வொரு மாத்திரையோடும் 200 மி.கி. வைட்டமின் சி. இரண்டு வாரத்தில் வைட்டமின் சி சேர்த்தவர்களுக்கு ஹீமோகுளோபின் 2.00 கிராம் ஏறியது, சேர்க்காதவர்களுக்கு 1.84 கிராம். பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை என்றே முடிவு சொன்னார்கள். 2020-இல் வெளிவந்த ஆய்வு இது. "வைட்டமின் சி இல்லாவிட்டால் அத்தனையும் வீண்" என்பது உண்மையானால், அதைச் சேர்க்காத பிரிவினருக்கு ஒன்றுமே ஏறியிருக்கக் கூடாது.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. சூரிக் நகர ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், இரும்புச்சத்துக் குறைந்த 34 பெண்களுக்கு 100 மி.கி. இரும்பை வெவ்வேறு விதமாகக் கொடுத்து, உடலில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்தார்கள். வெறும் தண்ணீரோடு கொடுத்ததைவிட, 80 மி.கி. வைட்டமின் சி சேர்த்தபோது 30 சதவீதம் கூடுதலாகச் சேர்ந்தது. ஆனால் அதையே 500 மி.கி. ஆக்கியபோது அதற்கு மேல் எதுவும் கூடவில்லை. ஒரு வேளைக் கணக்கில் சிறிதளவு வைட்டமின் சி உதவுகிறது. மாதக் கணக்கில் ஹீமோகுளோபினைப் பார்க்கும்போது அந்த உதவி பெரிதாகத் தெரிவதில்லை. 500-க்கு வேலையே இல்லை.

எண்பது மில்லிகிராமுக்கு மருந்துக் கடைக்குப் போக வேண்டாம். ஒரு பெரிய நெல்லிக்காய் போதும். அரைக் கொய்யாவும் போதும். எலுமிச்சையில் பலரும் நினைக்கும் அளவு வைட்டமின் சி இல்லை. ஒரு பழத்தின் சாற்றில் 15 முதல் 20 மி.கி.தான் கிடைக்கும்.

அந்த ஆரஞ்சு மாத்திரையை இன்றே நிறுத்துங்கள்

நாள் ஒன்றுக்கு 1,500 மி.கி. போடுகிறீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வளர்ந்த பெண்ணுக்குப் பரிந்துரைக்கும் அளவு 65 மி.கி. மிஞ்சும் வைட்டமின் சி-யில் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. பெரும்பாலான சிறுநீரகக் கற்கள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. சுவீடனில் ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வில், வைட்டமின் சி மாத்திரை போட்டவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. பெண்களிடம் இந்தத் தொடர்பு அவ்வளவு தெளிவாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒருமுறை கல் வந்த உடல் உங்களுடையது. கிடைக்காத பலனுக்காக அந்த வலியை மறுபடி கூப்பிட வேண்டாம். வெறும் வயிற்றில் இரும்போடு இந்தப் புளிப்பும் சேர்ந்தது உங்கள் வயிற்று எரிச்சலைக் கூட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஐந்து மணி, பத்தரை மணி

உங்கள் இரும்பு எங்கே வீணாகிறது என்பதற்கு வருகிறேன். அதே சூரிக் ஆய்வில், காபியோடு கொடுத்த இரும்பு 54 சதவீதம் குறைவாகச் சேர்ந்தது. காபியோடு காலை உணவும் ஆரஞ்சுச் சாறும் சேர்ந்தபோது இழப்பு 66 சதவீதம். கவனியுங்கள், சாற்றில் வைட்டமின் சி இருந்தும் அது காப்பாற்றவில்லை. டீயின் துவர்ப்பும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடியதே. பாலில் உள்ள கால்சியமும் தடுக்கும். டீயும் பன்னுமாக நீங்கள் போட்ட மாத்திரையில் பெரும்பகுதி உங்களுக்குக் கிடைத்திருக்காது.

விடியற்காலை ஐந்து மணி மாத்திரையில் இருந்த சிக்கல் இன்னும் பெரிது. இரும்பும் தைராய்டு மாத்திரையும் வயிற்றில் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். தைராய்டு மருந்தும் சரியாக ஏறாது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். உங்கள் சோர்வில் ஒரு பங்கு தைராய்டுடையதாகவும் இருக்கலாம். அடுத்த இரத்தப் பரிசோதனையில் தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்எச் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எட்டரைக்கு வேலை, ஒரு மணிக்குச் சாப்பாடு, பல நாள் ஒன்பது மணி வரை ஓவர்டைம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாளுக்குள் இடம் தேடிப் பார்த்தேன். தைராய்டு மாத்திரை வழக்கம்போல் ஐந்து மணிக்கு. பத்தரை மணி டீயை விட்டுவிடச் சொல்லப் போவதில்லை. அந்தப் பத்து நிமிடம் உங்களுக்கு எவ்வளவு தேவை என்று தெரியும். அந்த டீயோடு மாத்திரை வேண்டாம், அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்கு, டீ குடித்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும், சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். அட்டையிலிருந்து ஒன்றை வெட்டிப் பையில் வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் தண்ணீரோடு விழுங்குங்கள். நெல்லிக்காய் கிடைக்கும் காலத்தில் அதையும் ஒன்று கடித்துக்கொள்ளலாம். வேலை நடுவே முடியாது என்றால் இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போடலாம். பிற்பகலில் இரும்பு சற்றுக் குறைவாகவே சேரும். ஆனாலும் டீயோடு போடுவதைவிட மேல்.

வயிறு தாங்கவே இல்லை என்றால் கொஞ்சம் உணவோடு போடுவது, நிறுத்துவதைவிட நல்லது. அந்த உணவில் டீயும் பாலும் தயிரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் இரண்டு மாத்திரை போட்டால் சீக்கிரம் ஏறும் என்று நினைத்திருக்கிறீர்கள். உடல் அப்படி இயங்குவதில்லை. ஒரு மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது குடலின் கதவை ஏறக்குறைய ஒரு நாள் சாத்தி வைக்கிறது. அடுத்த மாத்திரை அந்த மூடிய கதவில்தான் மோதும், வயிற்றை எரிக்கும், மலச்சிக்கலைக் கொடுக்கும். இதனால்தான் இப்போது பல மருத்துவர்கள் ஒன்றுவிட்டு ஒரு நாள் இரும்பு கொடுக்கிறார்கள். ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாகச் சேர்கிறது, வயிற்றுத் தொந்தரவும் குறைகிறது. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் உங்களுக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். விட்டுப்போன நாள் விட்டுப்போனதாகவே இருக்கட்டும்.

கறுப்பு மலம்

இரும்பு போடும்போது மலம் கறுப்பது இயல்பு. உடலில் சேராத இரும்பு வெளியேறுகிறது, அவ்வளவே. தார்போல ஒட்டிக்கொண்டு, கடும் நாற்றத்தோடு போனால், அல்லது தலைசுற்றலும் வயிற்றுவலியும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி இதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம். மூட்டுவலிக்கு ஏதாவது மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவை வயிற்றில் புண் உண்டாக்கி இரத்தம் கசிய விடக்கூடியவை.

பீட்ரூட், மாதுளை, சுவரொட்டி

தினம் பீட்ரூட் சாறு குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சிவப்பு நிறம் இரும்பால் வருவதல்ல. நூறு கிராம் பீட்ரூட்டில் ஒரு மி.கி. இரும்புகூட இல்லை. மாதுளையிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. பிடித்தால் சாப்பிடுங்கள், மருந்தென்று எண்ணிச் செலவு செய்ய வேண்டாம். அசைவம் உண்பவர் நீங்கள். ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) மிக நல்லவை. அவற்றில் உள்ள இரும்பில் ஒரு பகுதி வேறு வகை. வைட்டமின் சி-யின் தயவு இல்லாமலே குடல் அதை எளிதாக ஏற்கும். நம் ஊர்க் கொள்ளு, கம்பு, முருங்கைக்கீரைக்குத்தான் அந்தத் துணை வேண்டும். கொள்ளுப் பருப்பைக் கடைந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள், அல்லது சாப்பாட்டோடு ஒரு துண்டு கொய்யா வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் கொதிக்கவிட்டால் வைட்டமின் சி-யில் கணிசமான பகுதி போய்விடும்.

மகளுக்கும் கணவருக்கும்

மகள் அரசுப் பள்ளியில் படிப்பதாகச் சொல்கிறீர்கள். வாரம் ஒரு நீல நிற மாத்திரை கொடுப்பார்கள். அதில் 60 மி.கி. இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அதைத் தவறாமல் போடுகிறாளா, பையிலேயே சேர்த்து வைக்கிறாளா என்று கேளுங்கள். அதற்கு மேல் உங்கள் மாத்திரையை, பரிசோதனை இல்லாமல் கொடுக்க வேண்டாம்.

உங்களுக்கும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு இதுவரை பார்க்கவில்லை. அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அது 15-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு உறுதி. ஃபெரிட்டின் சரியாக இருந்து, சிவப்பணுக்கள் மட்டும் சிறுத்திருந்தால் பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடான தலசீமியாவின் கூறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் மகளுக்கும் சோதனை தேவைப்படும். உடலில் ஏற்கெனவே இரும்பு மிஞ்சியிருப்பவர்களுக்கு இரும்பும் அதிக அளவு வைட்டமின் சி-யும் சேர்ந்து கல்லீரலையும் இதயத்தையும் கெடுக்கும்.

கணவரைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன். மாதவிடாய் இல்லாத ஓர் ஆணுக்கு ஹீமோகுளோபின் 11 என்றால் இரத்தம் எங்கோ கசிகிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்: வயிற்றுப்புண், மூலம், கொக்கிப்புழு, அரிதாகக் குடல் புற்றுநோய். உங்கள் மாத்திரையை அவர் பகிர்ந்துகொண்டால் எண்ணிக்கை ஏறும், காரணம் உள்ளேயே மறைந்து கிடக்கும். அவரைத் தனியாக மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மலத்தில் மறைந்த இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சில சோதனைகளில், வைட்டமின் சி அதிகம் போட்டிருந்தால் இரத்தம் இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். எனவே அவருக்கு அந்த ஆரஞ்சு மாத்திரையைத் தொடக்கூடக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. இரும்பு மாத்திரையையும் ஆரஞ்சு மாத்திரையையும் ஒரே டப்பாவில் வைத்திருப்பதாகவும், நாத்தனாரின் இரண்டு வயதுக் குழந்தை அடிக்கடி வீட்டுக்கு வரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். படிக்கும்போதே பதறிவிட்டேன். மிட்டாய் ருசியுள்ள மாத்திரைக்குப் பக்கத்தில் சிவப்பு மாத்திரை இருந்தால் குழந்தை இரண்டையும் வாயில் போடும். சில இரும்பு மாத்திரைகளே ஒரு சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகிவிடும். இன்றே உயரத்தில், பூட்டி வையுங்கள்.

கடைசி வரி

இனி நீங்கள் கையெழுத்துக்குக் கீழே எழுதிய வரிக்கு வருகிறேன். என் பார்வையில் உங்கள் கடிதத்தின் முதல் வரியே அதுதான்.

எட்டு நாள் போவதும் கட்டி கட்டியாகப் போவதும் "எப்போதும் உள்ளது" என்பதால் இயல்பாகிவிடாது. நல்ல நிலையில் இருக்கும் இரத்தம் இரண்டு மில்லி வெளியேறினால் ஒரு மி.கி. இரும்பு போய்விடும். 100 மி.கி. மாத்திரையில் உடல் எடுத்துக்கொள்வது பத்தில் ஒரு பங்கு, அல்லது சற்றுக் கூடுதல். அதையும் டீக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதை மாதாமாதம் இழந்துகொண்டிருந்தால் எந்த மாத்திரையாலும் ஈடுகட்ட முடியாது. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றிக்கொண்டே இருப்பதுபோல் ஆகிவிடும்.

இந்த வயதில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி, உட்சுவரில் சிறு வளர்ச்சி ஆகியவை பொதுவான காரணங்கள். தைராய்டு சரியில்லாமல் இருந்தாலும் இரத்தப்போக்கு அதிகமாகும். அங்கேயும் அந்த ஐந்து மணிச் சிக்கல் வந்து நிற்கிறது. வயிற்று ஸ்கேன் ஒன்று எடுத்தாலே பாதி தெரிந்துவிடும். கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களோ என்று பயந்துதான் இத்தனை நாள் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அறுவை சிகிச்சை முதல் படியே அல்ல. போக்கு உள்ள நாள்களில் மட்டும் போடும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை இருக்கிறது. ஹார்மோன் மாத்திரை இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. அது சில ஆண்டுகள் வேலை செய்யும். எது பொருந்தும் என்பது ஸ்கேனையும் உங்கள் உடல்நிலையையும் பொறுத்தது. ஒரே சந்திப்பில் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், "வேறு வழி என்னென்ன இருக்கிறது, அதை ஏன் முதலில் செய்யவில்லை" என்று கேட்கவும், இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெறவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. வாய்வழி இரும்பு ஒத்துக்கொள்ளாமல் போனால் நரம்பில் செலுத்தும் இரும்பும் இருக்கிறது.

இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருப்பதாகச் சொல்கிறீர்கள். இந்தப் பரிசோதனைகளுக்கும் மகளிர் மருத்துவரைப் பார்ப்பதற்கும் அதிலேயே வழி உண்டு. கணவருக்கும் மகளுக்கும் அது பொருந்தும். வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கு மருத்துவர் சான்று கொடுத்தால், சந்தா நிபந்தனை பூர்த்தியாகியிருக்கும்பட்சத்தில், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். விடுப்பு எடுத்தால் சம்பளம் போகுமே என்பதற்காக ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவுக்குத் தொடர்ந்து இரண்டு மணி நேரம் போனாலோ, நிற்க முடியாமல் மயக்கம் வந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அதுவரை, பன்னிரண்டு மணி மாத்திரையை இந்த வாரமே தொடங்குங்கள். நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபின் பாருங்கள். அது 12-ஐத் தொட்ட பிறகும் சேமிப்பு நிறைய இன்னும் மூன்று மாதமாவது மாத்திரை தொடர வேண்டும்.

மகளிர் மருத்துவரிடம் போய் உட்கார்ந்ததும், சோர்வு, தலைசுற்றல் என்று தொடங்காதீர்கள். "எட்டு நாள் போகிறது, கட்டியாகப் போகிறது, ஹீமோகுளோபின் 9.1" என்று இந்த மூன்றையும் முதலில் சொல்லுங்கள். காலண்டரில் போக்கு தொடங்கிய நாளும் நின்ற நாளும் குறித்த பக்கத்தைக் கையோடு கொண்டு போங்கள்.